பதக்கம் எடுத்தவரிடம்தான் ஓடப் பழக வேண்டுமா? கிப்சோகேயின் பயிற்றுவிப்பாளர் பற்றிய கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். உப்புவெளியில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். நீளமான கேள்வி, சுருக்கி வாசிக்கிறேன். "அண்ணா, என் தம்பிக்கு 17 வயது. 5000 மீற்றரில் மாகாண மட்டம் வரை போனான். அவனுக்குப் பயிற்சி கொடுக்க இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் முன்பு தேசிய மட்டத்தில் பதக்கம் எடுத்தவர். மற்றவர் பாடசாலையில் விளையாட்டுக்குப் பொறுப்பான சேர், அவர் பெரிதாக ஓடியவர் இல்லை. கென்ய மரதன் வீரர் எலியுட் கிப்சோகேயின் கோச் ஒலிம்பிக்கில் வெள்ளி எடுத்தவர், அதனால்தான் கிப்சோகே அப்படி வந்தார், ஓடியவனிடம்தான் ஓடப் பழக வேண்டும் என்று அப்பா சொல்கிறார். அது சரியா? அந்தக் கோச் யார், எப்படி இந்த வேலைக்கு வந்தார் என்றும் சொல்லுங்கள்."

நல்ல கேள்வி. அப்பா சொல்வதில் பாதி சரி. கிப்சோகேயின் பயிற்றுவிப்பாளர் பெயர் பற்றிக் சாங். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெள்ளி எடுத்தவர்தான், அதில் பிழை இல்லை. ஆனால் "அதனால்தான்" என்ற சொல்லில்தான் எனக்குத் தகராறு. ஒலிம்பிக் பதக்கம் எடுத்த கென்யர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரிடமும் இருந்து ஒரு கிப்சோகே வரவில்லையே. சாங்கிடம் வேறு ஒன்று இருந்தது. அது என்ன என்று பார்த்தால், உங்கள் தம்பிக்கு யார் பொருத்தம் என்பதும் தானாக விளங்கும்.

முதலில் அவர் என்ன ஓடினார் என்று சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. அவர் மரதன் வீரர் இல்லை, 5000 மீற்றர் வீரரும் இல்லை. 3000 மீற்றர் தடைதாண்டல் ஓடியவர். நமது நிலானி ரத்நாயக்க டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினாரே, அதே போட்டி. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஏழரைச் சுற்று. வழியில் 28 தடைகள், ஏழு தடவை தண்ணீர்க் குழி. 110 மீற்றர் ஓட்டத்தில் வருகிற தடை போல் தட்டினால் விழுகிற தடை இல்லை இது. கனமான மரச்சட்டம். ஆண்களுக்கு 91.4 சென்ரிமீற்றர் உயரம். காலை அடித்தால் விழுவது நீங்கள்தான், தடை அசையாது. தண்ணீர்க் குழிக்கு முன்னாலும் அப்படி ஒரு சட்டம் நிற்கும். அதன்மேல் கால் வைத்துத் தாண்டுவார்கள். ஏழாவது தடவை வரும்போது கால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் போட்டி கென்யாவுக்குச் சொந்தம் மாதிரி. 1968 மெக்சிக்கோவில் ஏமோஸ் பிவொட் தங்கம் எடுத்ததில் இருந்து 2016 ரியோ வரை, கென்யா கலந்துகொண்ட எல்லா ஒலிம்பிக்கிலும் ஆண்கள் தடைதாண்டல் தங்கம் அவர்களுக்குத்தான். 1976இலும் 1980இலும் அவர்கள் போகவில்லை, அவ்வளவுதான். டோக்கியோவில் மொரோக்கோவின் எல் பக்காலி வந்துதான் அந்த வரிசையை உடைத்தார். ஆகவே ஒரு கென்யனுக்கு இந்தப் போட்டியில் தோற்பதென்றால் பெரும்பாலும் தன் நாட்டுக்காரனிடம் தோற்பது என்றுதான் அர்த்தம். அப்படித் தோற்றவர்தான் சாங்.

1964இல் நந்தி மாவட்டத்தில் கப்சிசியுவா என்ற ஊரில் பிறந்தவர். ஓட்டத் திறமையால் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ஏழாமிடம். 1991 டோக்கியோ உலக சம்பியன்ஷிப்பில் வெள்ளி. தங்கம் மோசஸ் கிப்டனுய், கென்யாதான். 1993 ஸ்ருட்கார்ட்டில் மறுபடியும் வெள்ளி. தங்கம் மறுபடியும் கிப்டனுய். இரண்டு தடவையும் ஒரு செக்கன் அளவுதான் வித்தியாசம். இடையில் பார்சிலோனா. அந்த வருடம் கிப்டனுய் கென்ய அணியிலேயே இல்லை, தெரிவுப் போட்டியில் தவறிவிட்டார். அப்படியென்றால் சாங்குக்குத்தான் தங்கம் என்று நினைப்போம். மத்தியூ பிரிர் 8 நிமிடம் 8.84 செக்கனில் வந்து தங்கத்தைக் கொண்டுபோனார். சாங் 8 நிமிடம் 9.55. மூன்றாமிடமும் கென்யாதான், வில்லியம் முட்வொல்.

மூன்று தடவை உலக மேடையில் இரண்டாமிடம். நமது ஊரில் என்றால் "பாவம், அதிர்ஷ்டம் இல்லை" என்று சொல்லி வாழ்நாள் முழுக்கக் கதைப்பார்கள். எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு எண்ணம் உண்டு. இது என் ஊகம், அவர் சொன்னதில்லை: எப்போதும் முதலாவதாக வந்தவருக்குத் தன் முறை சரி என்ற நம்பிக்கை வந்துவிடும். இரண்டாவதாக வந்தவர் அந்த ஒரு செக்கன் எங்கே போனது என்று வருடக்கணக்காக யோசிப்பார். பயிற்றுவிப்புக்கு அந்த யோசனை பிரயோசனம்.

ஓடுகிற காலம் முடிகிற நேரத்தில் ஊருக்கு வந்து, பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னப் போட்டிகள் நடத்த உதவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கிப்சோகே வருகிறார். 2001 அளவில், 16 வயதுப் பையன். இருவரும் ஒரே ஊர். அந்தப் பையன் சாங்கிடம் வந்து, எனக்கு ஒரு பயிற்சித் திட்டம் தாருங்கள் என்று கேட்கிறான். சாங் இரண்டு கிழமைக்குச் சொல்லிக் கொடுக்கிறார். பையன் போகிறான். இரண்டு கிழமை முடிந்ததும் திரும்பி வந்து நிற்கிறான், அடுத்தது என்ன என்று. மறுபடியும் இரண்டு கிழமைக்கு. இப்படி மாதக் கணக்கில் போகிறது. இத்தனைக்கும் சாங்குக்கு அவன் பெயர் தெரியாது! பிறகு ஒரு போட்டியில் அவன் வென்றதைப் பார்த்துத்தான் நீ யாருடைய பிள்ளை என்று விசாரித்திருக்கிறார். பார்த்தால், சாங்குக்குச் சின்ன வயதில் பாலர் வகுப்பில் படிப்பித்த ரீச்சரின் மகன். தன் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைக் கழற்றி அவனுக்குக் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள், மணிக்கூட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அந்த இரண்டு கிழமைதான் முக்கியம். ஏன் ஒரு வருடத் திட்டம் கொடுக்கவில்லை? டெக்சாஸில் படித்தவர், ஐரோப்பா முழுக்க ஓடியவர், பெரிய அட்டவணை ஒன்று போட்டுக் கொடுக்கத் தெரியாதா? ஒரு பையனுக்கு இரண்டு கிழமைக்கு மேல் என்ன தேவை என்பது அந்த இரண்டு கிழமையை அவன் எப்படி முடித்தான் என்று பார்த்த பிறகுதானே தெரியும். வந்தான் என்றால் செய்திருக்கிறான். களைத்துப் போய் வந்தானா, சிரித்துக்கொண்டு வந்தானா என்று பார்த்து அடுத்ததைச் சொல்லலாம்.

அடுத்த விஷயம் இன்னும் பெரியது. சாங் ஒலிம்பிக்கில் வெள்ளி எடுத்தது தடைதாண்டலில். அந்தப் பையனைத் தடைதாண்டல் வீரனாக ஆக்கினாரா? இல்லை. அவனுக்குச் சமதள ஓட்டம்தான் பொருந்தும் என்று அதிலேயே விட்டார். சாங்கின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருகிற மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். கிப்சோகே முதலில் 5000, பிறகு மரதன். ஃபெயித் கிப்யெகொன் 1500. ஜெஃப்ரி கம்வொரோர் நாடுகுறுக்கு ஓட்டமும் அரை மரதனும், அரை மரதனில் மூன்று தடவை உலக சம்பியன். மூன்று பேரில் ஒருவர்கூட சாங் ஓடிய போட்டியை ஓடிப் பெயர் எடுக்கவில்லை. முன்னாள் வீரர் பயிற்றுவிப்பாளராக வரும்போது செய்கிற பெரிய பிழை, தன்னையே மறுபடி உருவாக்கப் பார்ப்பது. "நான் உன் வயதில் இத்தனை கிலோமீற்றர் ஓடினேன், நீயும் ஓடு." இதை நமது மைதானங்களிலும் கேட்கலாம். சாங் அதைச் செய்யவில்லை.

அதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. 2003 பாரிஸ் உலக சம்பியன்ஷிப், 5000 மீற்றர். ஒரு பக்கம் 1500இன் மன்னன் எல் கெருஜ், இன்னொரு பக்கம் 10000இல் அப்போதுதான் தங்கம் எடுத்த கெனெனிசா பெகெலே. 18 வயது கிப்சோகே இரண்டு பேரையும் வென்றார். 12 நிமிடம் 52.79 செக்கன். எல் கெருஜ் 52.83. செக்கனில் நூற்றில் நான்கு பங்கு! இன்றைக்கும் அந்தக் கடைசி 50 மீற்றரைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் சாங்கின் பயிற்றுவிப்பை நான் மதிப்பது அந்த வெற்றிக்காக இல்லை. 18 வயதில் உலக சம்பியன் ஆகி 22 வயதில் காணாமல் போனவர்கள் நிறைய. கிப்சோகே 2004 ஏதென்ஸில் வெண்கலம், 2008 பெய்ஜிங்கில் வெள்ளி, பிறகு மெல்ல மெல்ல இறங்கினார். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குக் கென்ய அணியில் இடமே கிடைக்கவில்லை. இந்த இடத்தில் பல வீரர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள்: கோச்சை மாற்றுவார்கள், அல்லது ஓட்டத்தை விடுவார்கள். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து தூரத்தை மாற்றினார்கள். 2013 ஏப்ரலில் ஹம்பேர்க்கில் முதல் மரதன், 2 மணி 5 நிமிடம் 30 செக்கன், வெற்றி. அதே வருடம் பெர்லினில் இரண்டாமிடம், வில்சன் கிப்சங் உலக சாதனை வைத்த ஓட்டம் அது. அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2016 ரியோவில் ஒலிம்பிக் தங்கம். 2018 பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 39 செக்கன், உலக சாதனை. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் மரதன் நடந்த சப்போரோவில் இரண்டாவது ஒலிம்பிக் தங்கம். மரதனில் ஒலிம்பிக் பட்டத்தைத் தக்கவைத்தவர்கள் அதற்கு முன் இரண்டே பேர், எதியோப்பியாவின் அபேபே பிகிலாவும் கிழக்கு ஜேர்மனியின் சியர்பின்ஸ்கியும். 2022இல் பெர்லினில் தன் சாதனையைத் தானே முறியடித்து 2 மணி 1 நிமிடம் 9 செக்கன்.

2019 ஒக்டோபர் 12, வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 செக்கன், அதுவும் உண்டு. அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை, ஏனென்றால் முறைமாறி வேகம் பிடித்துக் கொடுக்க 41 பேர் வந்து போனார்கள், அது பொதுப் போட்டியும் இல்லை. ஆனாலும் ஓடியது மனிதக் கால்தான். இதைப் பற்றி முந்திய ஒரு வீடியோவில் நிறையப் பேசிவிட்டேன், இங்கே விடுகிறேன்.

இனி சாங்கின் பயிற்சி முகாமுக்கு வருவோம். கென்யாவில் கப்டகட் என்ற இடம், கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 2400 மீற்றர் உயரம். ஒப்பிட வேண்டும் என்றால், நமது நுவரெலியா 1868 மீற்றர். திங்கள் முதல் சனி வரை அங்கே தங்குவார்கள், வார இறுதியில் வீட்டுக்குப் போவார்கள். கோடீஸ்வரனான கிப்சோகேயும் அங்கே முறை வைத்துத் துப்புரவு வேலை செய்வார், கழிப்பறை உட்பட. செவ்வாய்க்கிழமை ஓடுபாதையில் வேகப் பயிற்சி. வியாழக்கிழமை நீண்ட ஓட்டம், ஒரு வாரம் 30 கிலோமீற்றர் என்றால் அடுத்த வாரம் 40. சனிக்கிழமை ஃபார்ட்லெக், அதாவது வேகமும் மெதுவும் மாறி மாறி. மற்ற நாட்களில் சாதாரண ஓட்டம், பலது கதைத்துக்கொண்டு ஓடுகிற வேகத்தில்தான் தொடங்கும். ஒவ்வொரு நாளும் என்ன செய்தேன் என்று கிப்சோகே கொப்பியில் எழுதி வைப்பார், பல வருடக் கொப்பிகள் சேர்ந்திருக்கின்றன.

இதில் எல்லோருக்கும் ஆச்சரியம் தருவது ஒன்று. கடினமான மூன்று நாட்களிலும் தான் நூறு வீதம் ஓடுவதில்லை, எண்பது வீதம்தான் என்று கிப்சோகே பல தடவை சொல்லியிருக்கிறார். மற்ற நாட்களில் ஐம்பது வீதம். நம்மூர்ப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பயிற்சி முடிந்து வாந்தி எடுத்தால்தான் பயிற்சி என்று நினைக்கிறார்கள். நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அம்பா பாடிக்கொண்டு ஒரே சீராக இழுப்பார்கள், வலை கரைக்கு வர மணிக்கணக்காகும். முதல் கயிற்றிலேயே முழுப் பலத்தையும் கொடுக்கிறவன் கடைசியில் மணலில் குந்திக்கொண்டு இருப்பான். சாங்கின் வாரம் அந்த மாதிரி. ஒரு நாள் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. அதையே இருபது வருடம் இடைவிடாமல் செய்ததுதான் பெரிய விஷயம்.

சரி, இதற்கு எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பா "சாங்கும் ஓடியவர்தானே" என்று திரும்பக் கேட்பார். அமெரிக்காவின் அல்பேர்ட்டோ சலசார். இவரும் ஒலிம்பியன்தான். 1980, 81, 82 என்று மூன்று வருடம் தொடர்ந்து நியூயோர்க் மரதனை வென்றவர். 1982இல் பொஸ்ரன் மரதனில் டிக் பியர்ட்ஸ்லியோடு கடைசி வரை போட்டி போட்டு இரண்டு செக்கனில் வென்றார். நல்ல வெயில். தண்ணீர் ஒழுங்காகக் குடிக்காமல் ஓடி, முடிந்ததும் விழுந்து, லீற்றர் கணக்கில் சேலைன் ஏற்ற வேண்டி வந்தது. 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 15ஆம் இடம். அதற்குப் பிறகு பழைய சலசார் திரும்பி வரவே இல்லை. உடம்பை எல்லை தாண்டித் தள்ளுவதுதான் அவருடைய பலம், அதுதான் அவரை முடித்தும் வைத்தது.

பிறகு பயிற்றுவிப்பாளர் ஆனார். நைக்கி நிறுவனத்தின் ஒரெகன் திட்டம் என்ற ஓட்டப் பயிற்சிக் குழுவை நடத்தினார். சாதனை இல்லை என்று சொல்ல முடியாது. 2012 லண்டன் ஒலிம்பிக் 10000 மீற்றரில் மோ ஃபாரா தங்கம், கேலன் ரப் வெள்ளி, இரண்டு பேரும் அவருடைய மாணவர்கள். ஆனால் 2019இல் ஊக்கமருந்து விதிகளை மீறியதற்காக நான்கு வருடத் தடை வந்தது, அந்தத் திட்டமே மூடப்பட்டது. அதே வருடம், அவரிடம் பயிற்சி பெற்ற மேரி கெய்ன் என்ற பெண் பேசினார். 17 வயதில் உலக சம்பியன்ஷிப் 1500 இறுதிப் போட்டி வரை போன பிள்ளை. எடையைக் குறை, குறை என்று வற்புறுத்தியதில் தன் உடம்பும் மனமும் உடைந்துபோனதாகக் குற்றம்சாட்டினார். ஓடிய திறமையை வைத்துப் பார்த்தால் சலசார் எந்த விதத்திலும் சாங்குக்குக் குறைந்தவர் இல்லை. பெயரும் புகழும் அவருக்குத்தான் கூட. பாருங்கள், அப்பாவின் கணக்கு இங்கே இடிக்கிறது.

பெண் பிள்ளைகளை வைத்துப் பயிற்சி கொடுக்கிறவர்கள் மேரி கெய்னின் கதையையும் கிப்யெகொனின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கிப்யெகொன் 2016 ரியோவில் 1500 தங்கம் எடுத்தார், 2018இல் குழந்தை பெற்றார். அதற்குப் பிறகு சாங்கின் குழுவில் ஓடத் தொடங்கி, டோக்கியோவிலும் பாரிஸிலும் மறுபடியும் தங்கம். ஒரே போட்டியில் மூன்று ஒலிம்பிக் தங்கம். 2023 ஜூனில் புளோரன்சில் 3 நிமிடம் 49.11 செக்கன் ஓடி, 3 நிமிடம் 50 செக்கனுக்குள் வந்த முதல் பெண் ஆனார். அதை அவரே பிறகு இரண்டு தடவை முறியடித்துவிட்டார், 2025இல் 3 நிமிடம் 48.68. தாய்மைக்குப் பிறகு ஒரு பெண்ணின் உடம்பு எப்படித் திரும்பி வருகிறது என்பதைத் தடைதாண்டல் ஓடிய ஒரு ஆண் தன் அனுபவத்தில் இருந்து எப்படி அறிவார்? அறிய முடியாது. கேட்டுத்தான் அறிய வேண்டும், பொறுத்திருக்க வேண்டும்.

வெற்றிகளை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் மரதனில் கிப்சோகே முப்பது கிலோமீற்றர் தாண்டிய பிறகு ஓட்டத்தைக் கைவிட்டார். அவருக்கு அப்போது 39 வயது. தொடங்கிய மரதன் ஒன்றை முடிக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. எந்த முறையாலும் வயதை நிறுத்த முடியாது. தோற்ற பிறகும் இருவரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

நமது நாட்டிலும் இந்த வழியில் போனவர் ஒருவர் இருக்கிறார், பலருக்கு மறந்துபோய்விட்டது. லூசியன் ரோசா. 1970 பாங்கொக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நீண்ட தூர ஓட்டத்தில் இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தவர், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஓடியவர். பிறகு அமெரிக்காவில் விஸ்கொன்சின் பார்க்சைட் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே பயிற்றுவிப்பாளராக இருந்துவிட்டார். அந்த அனுபவம் இங்கே இருந்திருந்தால் என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

சரி, தங்கச்சி, இனி உங்கள் தம்பியின் விஷயம். அந்த இரண்டு பேரையும் எனக்குத் தெரியாது, ஆகவே யாரிடம் போ என்று சொல்ல மாட்டேன். ஆனால் எப்படிப் பார்ப்பது என்று சொல்லலாம். இருவருடைய பயிற்சிக்கும் ஒரு கிழமை போய்ச் சும்மா நின்று பாருங்கள். அங்கே பத்துப் பிள்ளைகள் ஓடினால் பத்துப் பேருக்கும் ஒரே பயிற்சியா? நேற்று வந்த பிள்ளைக்கும் மூன்று வருடம் ஓடுகிற பிள்ளைக்கும் ஒரே சுற்றுக் கணக்கு என்றால், அவர் எவ்வளவு பெரிய பதக்கம் எடுத்திருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு நோகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அவர் என்ன செய்கிறார்? "ஓடினால் சரியாகிவிடும்" என்றால் அங்கே இருக்க வேண்டாம். ஓய்வெடுக்கச் சொல்லி, சப்பாத்தைப் பார்த்து, ஓடுகிற தரையைக் கேட்கிறார் என்றால் நல்லது. உப்புவெளிக் கடற்கரையில் இளகிய மணலில் நாள் முழுக்க ஓடவிட்டுக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்ட பெடியன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஈரமான இறுகிய மணலில் மெதுவாக ஓடலாம், வேகப் பயிற்சிக்கு அது இடம் இல்லை.

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, அவர் கடைசியாக யாரை எத்தனை வருடம் வைத்திருந்தார் என்பது. ஒரு பிள்ளையை 15 வயதில் எடுத்து 20 வயதிலும் ஓட வைத்திருக்கிறார் என்றால் அதுதான் பதக்கம். நமது ஊரில் வலய மட்டம், மாகாண மட்டம் என்று வரும்போது ஒரே நாளில் 1500, 5000, பிறகு அஞ்சலோட்டம் என்று எல்லாவற்றிலும் ஒரே பிள்ளையை இறக்குவார்கள், பாடசாலைக்குப் புள்ளி வேண்டும் என்று. அதற்கு "வேண்டாம்" என்று சொல்கிற துணிவு அந்த மனிதருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பாடசாலை சேருக்கு அதைச் சொல்வது கஷ்டம், அதிபருக்குப் பதில் சொல்ல வேண்டும். வெளியில் இருந்து வருகிறவருக்குச் சுலபம். அந்த வகையில் அப்பா சொல்கிறவருக்கு ஒரு புள்ளி கொடுக்கலாம்.

கென்யாவின் அட்டவணையை இணையத்தில் எடுத்து அப்படியே கொடுக்கிறவர் என்றால் கவனம். வியாழக்கிழமை 40 கிலோமீற்றர் என்பது பல வருடம் ஓடிய மரதன் வீரனுக்கு, குளிர்ந்த மலைக் காற்றில். திருகோணமலையில் ஏப்ரலில் காலை எட்டு மணிக்கே வியர்வை காயாது, காற்றில் அவ்வளவு ஈரம். உடம்பு சூட்டை வெளியே விட முடியாமல் திணறும். ஒரே தூரத்தை ஒரே வேகத்தில் ஓடினாலும் இதயம் இங்கே கூட அடிக்கும். ஐந்து மணிக்கே மெக்கெய்சர் மைதானத்துக்கு வருகிறவர்கள் அதனால்தான் வருகிறார்கள். ஓர்ஸ் ஹில் ஏற்றம் போதும் மலைப் பயிற்சிக்கு, நுவரெலியாவுக்குப் போகத் தேவையில்லை, 17 வயதுக்கு அது போதும்.

மருந்து, ஊசி, பெயர் தெரியாத மாப்பொடி என்று யாராவது கொடுத்தால் அன்றைக்கே விலகிவிடுங்கள். ஒலிம்பியனாக இருந்தாலும் சரி.

அப்பாவிடம் இதை வாதமாகக் கொண்டுபோக வேண்டாம், அவரையும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முன்னாள் வீரர் நன்றாகக் கவனித்துக் கொடுக்கிறார் என்றால் அவரிடமே விடுங்கள், ஓடிய அனுபவத்துக்கு என்று ஒரு பெறுமதி நிச்சயம் இருக்கிறது. போட்டிக்கு முந்தின இரவில் பிள்ளை ஏன் தூங்கவில்லை என்பது ஓடியவனுக்குச் சொல்லாமலே விளங்கும். பாடசாலை சேர் நல்லவர் என்றால் அவரே போதும், முன்னாள் வீரரிடம் மாதத்துக்கு ஒரு தடவை ஆலோசனை கேட்கலாம். இரண்டு பேரும் சேர்ந்து இயங்கச் சம்மதித்தால் தம்பிக்கு இன்னும் நல்லது, ஆனால் திட்டம் எழுதுவது ஒருவராக இருக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்வதையும் பிள்ளை செய்தால் மூன்றாவது வாரமே காயம்தான்.

தம்பியை இன்றைக்கே ஒரு கொப்பி வாங்கி எழுதத் தொடங்கச் சொல்லுங்கள். என்ன ஓடினான், எப்படித் தூங்கினான், எங்கே நோகிறது, அவ்வளவுதான். யாரிடம் சேர்ந்தாலும் முதல் நாள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அதைத் திறந்து வாசிக்கிறாரா, மேசையில் வைத்துவிட்டு ஓடு என்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கேள்வி கிண்ணியாவில் இருந்து, சப்பாத்து பற்றியது.